ஆனர்ஸ் ஆய்வேட்டைக் கடையில் வாங்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பி.எஸ்சி. கணினி அறிவியலில் நான்காம் ஆண்டும் படிக்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (படிப்புச் சுமையின் அளவு), நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸில் சேரலாம். அதில் ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். மற்றவர்கள் அதற்கு ஈடாக மூன்று பாடம் படிப்பார்கள்.

செய்முறைக் கணக்கில் 12 கிரெடிட் என்பது 360 மணி நேரம். எட்டாம் செமஸ்டர் பாதியில் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு அவ்வளவு நேரம் எங்கே கிடைக்கும்? நேரே, ஆயத்த ப்ராஜெக்ட்டுகளை விற்கும் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகிறார்கள்.

அங்கே விற்கும், தமிழ்க் கையெழுத்தைக் கணினி அடையாளம் காணும் ப்ராஜெக்ட்டுகளில் துல்லியம் பிரமாதமாக இருக்கும். ஒரே ஆள் எழுதிய 'ழ'க்கள் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சித் தரவிலும் அதைச் சோதிக்கும் சோதனைத் தரவிலும் கலந்து கிடந்தால் அப்படித்தான் வரும்; கற்றுக்கொள்ளும் நிரலான மாடல் அவர் கைவாகை மனப்பாடம் செய்துவிடுகிறது. தரவை ஆள்வாரியாகப் பிரித்துச் சோதித்தால் துல்லிய எண் மளமளவென்று இறங்கும். வாய்மொழித் தேர்வான வைவாவில் தேர்வாளர் நாலு எழுத்து எழுதிப் போனில் படமெடுத்துக் கொடுத்தாலே போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

தட்டச்சு செய்த தரவிலும் வில்லங்கம் உண்டு. 'கொ'வில் உள்ள கொம்பும் காலும், கணினியில் எழுத்துகளைப் பதியும் முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டாகவும் பதிவாகலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றாமல் சொற்களை எண்ணினால், ஒரே சொல் இரண்டாகக் கணக்கில் ஏறும்.

ஆறாம் செமஸ்டர் விடுமுறையிலேயே தலைப்பு, தரவு கிடைக்கும் இடம், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எளிய முறை ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வாங்கும்படி கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஏழாம் செமஸ்டரில் அந்த எளிய முறையை ஓட்டி எண் எடுத்துவிட வேண்டும். சொந்த முறை அதற்குப் பிறகுதான். கோடு (நிரல்) வாராவாரம், மாற்றங்களைத் தேதியோடு பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் ஏறட்டும். கடைசி நாளில் மொத்தமாக வந்து விழுந்த கோடு எங்கிருந்து வந்தது என்று வழிகாட்டிக்குச் சொல்லவா வேண்டும்!

நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் பிஎச்.டி.க்கு நேராக விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். அதை நம்பிச் சேர்வதற்கு முன், பிஎச்.டி. வழிகாட்டத் தகுதி பெற்ற ஆசிரியர்கள் அந்தத் துறையில் எத்தனை பேர் என்று பெற்றோர் கேட்டுக்கொள்ளட்டும்.

கணினி அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
புதுச்சேரி