மேலூர்ப் பக்கத்துப் பிளஸ் டூ பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

ரிசல்ட் வந்ததிலிருந்து உங்களில் பலர் எனக்குப் போன் போடுகிறீர்கள். "பிள்ளை மனித சூழலியல், சமுதாய அறிவியல்னு ஏதோ சொல்லுது. சமையல் படிப்பாமே, வேலை கிடைக்குமா?" தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் இந்தப் படிப்புக்கு மனையியல் (ஹோம் சயின்ஸ்) என்று பெயர். நான் அதைப் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும்.

சமையலும் அதில் உண்டு. ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீர், அரிசி, விறகு, நோய் எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போவதுதான் அந்தப் படிப்பு. சூழலியலைக் குறிக்கும் 'ஈகாலஜி' என்ற சொல்லுக்கே வேர், வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் தன் மனையியல் கல்லூரிக்கு 1969இல் மனித சூழலியல் கல்லூரி என்று பெயர் மாற்றியது. மதுரைக்குப் பக்கத்தில் நம் ஒத்தக்கடையில் 1980இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது இன்று சமுதாய அறிவியல் கல்லூரி.

ஒரு கண்மாய் வேலைக்காக ஊர்க்கூட்டம் போட்டிருந்தோம். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் வரையச் சொன்னோம். ஆண்கள் மடை, கலுங்கு, கோயில், கால்வாய் எல்லாம் சுத்தமாகப் போட்டு முடித்தார்கள். ஓரமாக நின்ற ஒரு அம்மா, "விறகுக்குப் போற பாதையக் காணோமே தாயி" என்றார். பொடியைக் கையில் அள்ளி, சீமைக்கருவேலங்காடு வரை தானே கோடு இழுத்தார். அப்புறம் அடுத்த அம்மா வந்து, சித்திரையில் வற்றும் அடிபம்பைப் புள்ளி வைத்துக் காட்டினார். பெண்கள் குளிக்கும் படித்துறை இடிந்து கிடப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. தூர்வாரும் திட்டத்தில் அந்தப் படித்துறையையும் சேர்த்தோம். அந்த அம்மாவைப் பேச வைக்கத் தெரிவதுதான் நான் படித்த படிப்பு.

சரி, வேலைக்கு வருவோம். அங்கன்வாடிகளைப் பார்க்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம். சத்துணவியல் பக்கம் போனால் ஆஸ்பத்திரி வேலை, உணவுக் கம்பெனி வேலை. மேலே படித்து நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதினால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். கண்மாய், மகளிர் குழு என்று ஊர் ஊராக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் மதுரையிலேயே இருக்கின்றன. முதல் சம்பளம் ஐடி கம்பெனி அளவுக்கு இருக்காது. அதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024இல் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலச் செய்தி வந்தது. 2025 ஜனவரியில் நம் சனம் திரண்டு மதுரைக்கே நடந்தது. அதே மாதம் ஏலம் ரத்தானது. அங்கே எத்தனை சுனை, என்னென்ன பறவை என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது அந்தச் சமயத்தில் கைகொடுத்தது. நாளை வேறு ஊருக்கு இப்படி ஒன்று வந்தால், அதை எழுதி வைக்க ஆள் வேண்டும். அது நம் பிள்ளைகளாக இருக்கட்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யானைமலைப் பக்கம் போய் அந்த ஒத்தக்கடைக் கல்லூரியைப் பாருங்கள். மேலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் நீங்களே கேளுங்கள். உங்கள் மகனுக்கு ஆசை இருந்தாலும் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்