சீட்டுக்கட்டு என்ன பாவம் செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் 'இங்கு சீட்டாடக் கூடாது' என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆடியவர்கள் யார் தெரியுமா? பள்ளி விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும், என்னைப் போன்ற நாலைந்து பாட்டிமாரும். ஏனப்பா என்று சங்கச் செயலாளரைக் கேட்டால், "ரம்மியைத்தான் சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்களேம்மா" என்கிறார். நல்ல பிள்ளைதான், நள்ளிரவில் லிஃப்ட் நின்றாலும் ஓடி வருவார். ஆனால் சட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை. அவரைப் போலப் பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கடிதம்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடை செய்வது, பணம் கட்டி இணையத்தில் ஆடும் விளையாட்டுகளை. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கமான வாதத்துக்கே அதில் இடம் வைக்கவில்லை. அதற்கு முன்பே, 2022இல் தமிழ்நாடு அரசும் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். எங்கள் உறவிலேயே ஒரு பையன் கைபேசி ரம்மியில் சம்பளத்தையும் மனைவியின் வளையலையும் தொலைத்தான். ஆனால் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, புளியங்கொட்டை வைத்து ஆடுவதற்கும் அந்தச் சட்டங்களுக்கும் என்ன சம்பந்தம்? ரம்மியில் விழுகிற சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும், அதனால் அது பெரும்பாலும் திறமையாட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லியிருக்கிறது. செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தின் மீது போட்ட வழக்கு அது. 'மூன்று சீட்டு' என்ற ஆட்டத்தை மட்டும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

கைபேசியில் எதிராளியின் முகம் தெரியாது. ஒரு ஆட்டம் முடிந்த கையோடு அடுத்தது தயாராக நிற்கும். வீட்டில் அப்படி நடக்குமா? ஒருவர் கலைக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும், நடுவில் பால்காரர் மணியடிப்பார். தோற்றவன் முறைப்பான், அவனைச் சமாதானப்படுத்திக் காபி கொடுத்து உட்கார வைக்க வேண்டும். இத்தனை தடங்கல் இருந்தால் யார்தான் அடிமையாவார்கள்?

என் மாமியாருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. காலையில் மாத்திரை போட்டாரா என்று அவருக்கே நினைவிருக்காது. ஆனால் பதின்மூன்று சீட்டைக் கையில் விசிறியாக விரித்துவிட்டால், யார் எதைக் கீழே போட்டார்கள், யார் எதை எடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வார். போன வாரம் என் பேரன் ஆட்டின் ஏழை, அதாவது சிவப்பு இதயம் போட்ட ஏழாம் சீட்டை, கீழே போட்டான். உடனே மாமியார், "ஏண்டா, உங்கம்மா இப்பத்தான் ஆட்டின் எட்டை எடுத்தா. ஏழைக் கொண்டுபோய் அவ வாயிலேயே ஊட்டுறியே!" என்றார். பையன் அதற்கப்புறம் தன் சீட்டைவிட மற்றவர் கையைத்தான் அதிகம் கவனிக்கிறான். கை மோசமாக வந்தால் தொடக்கத்திலேயே ஸ்கூட் விட்டால், அதாவது ஆடாமல் விலகிக்கொண்டால், இருபது புள்ளியோடு போகும், வீம்புக்கு உட்கார்ந்திருந்தால் எண்பது வரை ஏறும் என்பதும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. கணக்கு வாத்தியார் சொன்னால் கேட்பானா?

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குக் கழுதை ஆட்டம். இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் தொடங்க, எல்லோரும் அதே இனத்தில் போட வேண்டும். இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டுவார். அப்போது அந்த இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் தலையில் மொத்தமும் விழும். முதலில் எல்லாப் பிள்ளைகளும் ராஜா, ராணியைப் பொக்கிஷமாகப் பதுக்குவார்கள். பெரிய சீட்டை எல்லோரிடமும் அந்த இனம் இருக்கும்போதே கழித்துவிட வேண்டும் என்று நாலைந்து முறை கழுதையான பிறகுதான் உறைக்கும். நாம் சொல்லிக் கொடுத்தால் சுவாரசியமே போய்விடும்.

சீட்டு என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, அவர்களுக்கு ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. பழைய கோயில் மண்டபங்களின் தரையில் அதன் கட்டம் செதுக்கியிருப்பதைப் பலர் மிதித்துக்கொண்டே போகிறோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. பார்த்தால் புலிக்குத்தான் வாழ்வு என்று தோன்றும். ஆடு வைத்தவர், தன் ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் விடாமல் அடுக்கிக்கொண்டே போனால் புலியால் தாண்டவே முடியாது, மூலையில் முடங்கிவிடும். பொறுமையில்லாதவர் ஆட்டை இழப்பார், அவ்வளவுதான்.

மருமகன் பெங்களூரிலிருந்து 'கட்டான்' என்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். ஜெர்மனிக்காரர் கிளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் வெளிவந்த ஆட்டம். பகடை உருட்டி, செங்கல், மரம், கம்பளி, கோதுமை சேர்த்து வீடும் சாலையும் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதன் உயிரே பேரம்தான். "ரெண்டு கம்பளி தர்றேன், ஒரு செங்கல் கொடு அத்தை" என்று கெஞ்சும் பேரன், ஜெயிக்கப் போகிறவருக்கு மட்டும் எதையும் கொடுக்க மாட்டான். நல்ல ஆட்டம்தான், ஆனால் விலை ஆயிரக்கணக்கில். எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. சாக்பீஸில் கோடு போட்டால் ஆடுபுலிக்குக் காசு செலவே இல்லை.

எங்கள் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான்: 'சீட்டாடக் கூடாது' என்பதை எடுத்துவிட்டு, 'பணம் வைத்து ஆடக் கூடாது' என்று ஒட்டுங்கள். "இன்னைக்குப் புளியங்கொட்டை, நாளைக்குக் காசாயிடுமே" என்று செயலாளர் பயப்படுவது முழுக்கத் தப்பில்லை. அதனால்தான் கதவைத் திறந்து வைத்து, பெரியவர்கள் நடுவில் கூடத்தில் ஆடட்டும் என்கிறேன். மூடிய அறையில் கைபேசியோடு உட்காருவதற்கு இது எவ்வளவோ மேல்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு விளையாட்டின் விதிமுறையைக் கட்டத்தோடு அச்சிடலாமே? ஆடுபுலி, பல்லாங்குழி, தாயம் என்று தொடங்குங்கள். தாயத்தில் ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் வாசகர் கடிதம் மூட்டை மூட்டையாக வரும், அதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியை,
தில்லைநகர், திருச்சி.