முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் கணவரை நாட்டுக்குத் தந்த நம் வீரமங்கையருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கொடிநாள் வசூலும் ரத்ததான முகாமும் வழக்கம்போல் நடந்தன. என் நேரத்தை விழுங்கியது டிசெபிலிட்டி பென்ஷன், அதாவது பணியால் வந்த நோய்க்கும் ஊனத்துக்கும் தரும் பென்ஷன், அதற்கான அப்பீல்தான்.

நம்மவர்கள் கொண்டுவந்த மறுப்புக் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு: 'நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல.' ஏன் என்பதற்கு ஒரு வரி கிடையாது. சியாச்சின் பனியில் நின்றவரின் ரத்தக்கொதிப்பு அவருடைய அப்பா வழிச் சொத்தாம்!

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சேரும்போது எழுதிய மருத்துவக் குறிப்பில் அந்த நோய் இல்லையென்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது அரசின் வேலை; உடல்நிலையைச் சோதித்து முடிவு எழுதும் டாக்டர் குழுவான மெடிக்கல் போர்டும் காரணம் எழுத வேண்டும். 2014இல் ராம் அவதார் வழக்கு: பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் ரவுண்டிங், அதாவது ஊனச் சதவீதத்தை மேலே உயர்த்திக் கணக்கிடுவது, உண்டு. 20 சதவீதம் என்று போட்டிருந்தால் 50 சதவீதக் கணக்கில் பணம் வர வேண்டும். பழைய ஆட்கள் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள். அதற்குப் பின் ஓய்வு பெற்ற தம்பிகள் என்னைத் தனியாகப் பாருங்கள்.

சரி, வழி என்ன? நம் பணிப் பதிவுகள் இருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி மெடிக்கல் போர்டு நகலை வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது. அப்புறம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். வருடக்கணக்கில் தாமதித்தவருக்கும் கதவு மூடவில்லை; ஆனால் அரியர்ஸ் என்கிற பழைய பாக்கி பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான்.

யாரையும் குறை சொல்லவில்லை. என் கடிதத்தையே ஒன்பது வருஷம் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். போய்க் கேட்பது கையேந்துவது மாதிரி இருந்தது. என் மனைவிதான் ஒரு நாள் பெட்டியைத் திறந்து, "இது பிச்சையா, சம்பளமா?" என்று கேட்டாள்.

வருகிற ஆண்டு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை சங்கத்தில் பேப்பர் பார்ப்போம். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், மறுப்புக் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஜெராக்ஸ் செலவு சங்கத்துடையது.

ஒரு வேண்டுகோள். மெடிக்கல் போர்டு டாக்டர்களின் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து வந்தவர் யாராவது இருந்தால், இன்றே பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்