சிறுகுடலுக்கு ஒரே ஒரு வரி தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை மாணவர் பக்கத்துல செரிமான மண்டலம் பத்தி போட்டிருந்தீங்க, படம் ரொம்ப தெளிவா இருந்துச்சு, ஆனா எழுதினதுல முக்கால்வாசி இரைப்பை பத்தி தான், சிறுகுடலுக்கு "சத்தை உறிஞ்சும்"னு ஒரே வரி. இருபது வருஷத்துக்கு மேல உயிரியல் பாடம் எடுத்தவ நான், பசங்க பரீட்சைல "உணவு இரைப்பையில் செரிக்கிறது"ன்னு மட்டும் எழுதிட்டு போறத பாத்து பாத்து மனசு ஆறாம தான் இந்த லெட்டர் எழுதறேன்.

பேருலயே குழப்பம் இருக்குங்க. சிறுகுடல்னா சின்னதுன்னு நினைச்சுக்கறாங்க. உணவு போற பாதையிலயே அது தான் நீளம், கிட்டத்தட்ட 6 மீட்டர். பெருங்குடல் ஒன்றரை மீட்டர் தான், அகலம் ஜாஸ்திங்கறதால அந்தப் பேரு.

இரைப்பையை நான் குறைச்சு சொல்லல. ஆசிட் சுரந்து கிருமிகளை கொல்லுது, பெப்சின்ங்கற நொதி (உணவை உடைக்கற சுரப்பு) புரதத்தை வெட்ட ஆரம்பிக்குது, சில மணி நேரம் போட்டு பிசைஞ்சு கூழாக்கி கொஞ்சம் கொஞ்சமா கீழ விடுது. ஆனா மாவுச்சத்து வாயில எச்சில் பட்டப்பவே உடைய ஆரம்பிச்சு இங்க ஆசிட் பட்டதும் அந்த வேலை நின்னுடுது, கொழுப்பும் பெரும்பாலும் அப்படியே தான் இறங்குது. மீதி எல்லாம் சிறுகுடல் தலையில தான்! கணையத்துல இருந்து பைகார்பனேட் வந்து அந்த ஆசிட்டை அடக்குது, பித்தநீர் கொழுப்பை பொடிப்பொடி துளியா பிரிச்சு விடுது, லிப்பேஸ், ட்ரிப்சின், அமைலேஸ்ங்கற நொதிகள் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை உடைக்குது. நாம குடிக்கறது, உடம்பே சுரக்கறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் தண்ணி உள்ள வருது, அதுல பெரும்பகுதியை திரும்ப ரத்தத்துக்கு அனுப்பறதும் இதே சிறுகுடல் தான், பெருங்குடலுக்கு போறது ஒன்னு ஒன்றரை லிட்டர்.

ஆபரேஷன்ல இரைப்பையை முழுசா எடுத்தவங்க கூட கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிட்டு, வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கிட்டு நல்லா வாழறாங்க. சிறுகுடல் முழுசும் போயிட்டா ரத்தக்குழாய் வழியா தான் சத்து ஏத்தணும். இத கிளாஸ்ல சொன்னா பசங்க அப்படியே நிமிர்ந்து உக்காருவாங்க.

இரைப்பைக்கு மட்டும் ஏன் இவ்வளவு புகழுன்னு யோசிச்சா எனக்கு ஒரு காரணம் தோணுது. 1822ல அமெரிக்காவுல அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின்னு ஒருத்தருக்கு துப்பாக்கி குண்டு பட்டு இரைப்பையில ஆன ஓட்டை மூடவே இல்ல, வில்லியம் பியூமான்ட்ங்கற டாக்டர் நூல்ல உணவை கட்டி அது வழியா உள்ள இறக்கி, எப்படி கரையுதுன்னு வருஷக்கணக்கா பாத்து 1833ல புத்தகமாவே போட்டாரு. சிறுகுடலுக்கு அப்படி ஒரு ஜன்னல் கிடைக்கல. வழக்கமா வாய் வழியா விடற எண்டோஸ்கோபி குழாய் அதோட ஆரம்பம் வரைக்கும் தான் போகும், விழுங்கற கேமரா மாத்திரைக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதே 2001ல தான்.

அதனால அடுத்த இதழ்ல சிறுகுடலுக்கு அரை பக்கமாவது ஒதுக்குங்க. சிறுகுடல் உட்சுவர்ல சின்னச் சின்ன விரல் மாதிரி நீட்டிக்கிட்டு சத்தை உறிஞ்சற குடலுறிஞ்சி ஒன்னை பெருசாக்கி குறுக்குவெட்டு படமா போட்டு, சர்க்கரையும் அமினோ அமிலமும் ரத்தக்குழாய்ல போறதையும், கொழுப்பு மட்டும் தனியா நிணநீர் குழாய்ல போறதையும் ரெண்டு கலர்ல காட்டினீங்கன்னா பசங்களுக்கு சட்டுனு புரியும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் உயிரியல் டீச்சர்