கூவம் கரை வரைபடத்துக்கு உதவிய எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். கூவம் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதி ஒன்றை அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து வரைந்த வரைபடம் ஒருவழியாக முடிந்து, போன வாரம் கவுன்சிலர் கையில் ஒரு பிரதி கொடுத்தாகிவிட்டது. உதவியவர்களிடம் நேரில் நன்றி சொன்னேன்தான், ஆனாலும் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி சொன்னால்தான் எனக்குத் திருப்தி. பகுதியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அது அங்கேயே கூட்டம் போட்டு எடுத்த முடிவு, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில், முகம் தெரியாதவர்களுக்கு. வரைபடம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளையும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் காசில்லாமல் திறந்து வைத்திருப்பவர்கள் இல்லையென்றால், கைக்காசு போட்டு வேலை செய்யும் எங்களால் இதைத் தொட்டிருக்கவே முடியாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம்தான், ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம்ம ஊர்க் குடிசை ஆறேழு அதற்குள் அடங்கிவிடும். ஆற்றங்கரையில் கட்டடம் எந்தப் பக்கம் பெருகியது என்று பார்க்க அது போதும். வீட்டை வீடாகப் பார்க்க 30 செ.மீ. அளவுக்குத் துல்லியமான படம் வேண்டும், அதன் விலை நமக்குக் கட்டாது. தன் ஆய்வகத்திலேயே உட்கார்ந்து அப்படி ஒரு படத்தில் வேலை செய்ய முறைப்படி அனுமதி வாங்கித் தந்த பேராசிரியர் ஐயாவுக்கு நன்றி, மின்தடை நாளில் கணினிக்குப் பக்கத்தில் விசிறியோடு நின்ற ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கும்.

கூரைகளைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகச் சுற்றி வரைந்த மாணவர்களே, உங்கள் கண்ணுக்குக் கோயில் கட்டலாம். ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை அடுத்த வீட்டுத் தகரத்தின் மேல் ஏறியிருக்கும், அதன் மேல் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கும், பக்கத்தில் தூங்குமூஞ்சி மரம் நாலு வீட்டை மறைத்து நிற்கும், மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கூரை. இதையெல்லாம் கணினியே தானாகப் பிரித்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. சின்னக் கூரை, நெருக்கம், ஒழுங்கில்லாத சந்து என்று அடையாளம் சொல்லிக் கொடுத்தால் இயந்திரம் தேடித் தரும், உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் வடசென்னையின் பழைய தெருக்கள் பாதி குடிசைப் பகுதியாகிவிடும், குடிசைகளை அகற்றி ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் வரிசையான மாடிக் கட்டடங்கள் என்பதால் பட்டியலிலேயே வராது. அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வசதி எப்படி என்று.

அடுத்து சொல்லப்போகிறவர் இல்லையென்றால் வரைபடமே கிடையாது. மகளிர் சுயஉதவிக் குழு அக்கா, உங்களுக்குத்தான். வானத்துப் படத்தில் ஒரே கூரையாகத் தெரிந்ததைக் காட்டியதும், "இதுல மூணு குடும்பம், மாடில ஒண்ணு வாடகைக்கு" என்று கடகடவென்று சொன்னீர்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எது பேருக்கு நிற்கிறது, லாரி எங்கே வரைக்கும் உள்ளே வரும், பொதுக் கழிப்பறைக் கதவு எப்போது பூட்டுவார்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தச் சந்தில் இடுப்பளவு நின்றது, எந்தச் சந்தில் கழுத்தளவு, இதெல்லாம் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. மூன்றடிச் சந்துகள் பாதி படத்தில் தெரியவே இல்லை, கூரை விளிம்புக்குக் கீழே ஒளிந்திருந்தன. கைப்பேசி ஜிபிஎஸ்ஸும் அங்கே போனால் தடுமாறும், எதிர்ச்சந்தில் நிற்பதாகக் காட்டும். சந்து சந்தாக நடந்து நாடா பிடித்து அளந்து கொடுத்த பிள்ளைகளுக்கு பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

ஓய்வுபெற்ற நில அளவையர் ஐயா, புல வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, எது நீர்நிலைப் புறம்போக்கு, எது இல்லை என்று கோடு கோடாகக் காட்டினீர்கள். பாதி வீடுகள் ஆற்றுப் புறம்போக்கில் இல்லவே இல்லை என்று தெரிந்த அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

இவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985ல் இன்னும் 17. அதன் பிறகு பல்லாண்டுகள் ஒன்றுகூடச் சேரவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ, அப்படி அறிவிக்காத இடத்தில் சுமார் 60, 70 வீடாவது இருந்தால்தான் கணக்கில் வரும். பட்டியலில் இல்லாத இடத்துக்காரர்கள் குழாய் கேட்டுப் போனால் முதலில் "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்" என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. குடிசைப் பகுதிகளை வரைபடமாக்கும் தொண்டு நிறுவனமாகப் புனேயில் 1993ல் தொடங்கிய ஷெல்டர் அசோசியேட்ஸ், 2009ல் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் அந்த ஊர் இளைஞர்களே வரைந்த வரைபடம், குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரும் 2017 சட்டத்துக்குப் பிறகு ஒடிசாவில் ட்ரோன் பறக்கவிட்டு அளந்து நில உரிமை கொடுத்த வேலை, இவையெல்லாம் முன்னால் நடந்திருந்ததால்தான் எங்களுக்கும் தைரியம் வந்தது. அவர்களுக்கும் நன்றி.

சரி, பெயர் போடாத காரணம். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "தண்ணிக்காரன் பாக்குற அதே படத்தைத்தானே புல்டோசர்காரனும் பாப்பான்" என்றார். எங்கள் குழுவில் யாருக்கும் பதில் இல்லை. அதனால் குழாய், கழிப்பறை, வெள்ளம் நின்ற இடம், தீயணைப்பு வண்டி நுழையும் வழி மட்டும் பொதுவில் போகும், வீட்டுவாரிக் கணக்கு அவர்கள் சங்கத்திடமே இருக்கும், அவர்கள் சொன்னால்தான் யாருக்கும் காட்டுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பெரியவரே, அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்புறம், பெரிய தாளில் பாதி விலைக்கு அச்சடித்துக் கொடுத்த ஃபிளெக்ஸ் கடை அண்ணனுக்கும் நன்றி. அந்தத் தாள் சங்க அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி சரிபார்க்க வருவோம், அதற்குள் புதிதாக வந்த வீடு, உடைந்த குழாய் எது இருந்தாலும் குறித்து வையுங்கள்.