நடுச்சுவர் போன வீடு

தோ பாயோ,
சிங்கப்பூர்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். "நடுச்சுவரை இடித்தால் மேல்மாடி இறங்கிவிடாதா?" என்று அப்பா போனில் கேட்டீர்கள், அதற்குள் பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள். விவரமாக எழுதுகிறேன், பயம் வேண்டாம்.

நாங்கள் வாங்கியது பழைய வீவக வீடு, அதாவது இங்கத்து அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. மூவறை வீடு என்பார்கள். ஹாலையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, படுக்கையறை இரண்டுதான். அகலம் குறைவு. நீளமாக உள்ளே போகப் போக இருட்டு, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

நினைத்த சுவரை இங்கே இடிக்க முடியாது. தூண், உத்தரம், பாரம் தாங்கும் சுவர் எதிலும் கை வைக்கக் கூடாது. தடுப்புச் சுவரானாலும் வீவகவிடம் அனுமதி வாங்கி, அங்கே பதிவுசெய்த ஒப்பந்தக்காரரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். இடிக்கிற வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறு கிடையாது. நாங்கள் எடுத்தது ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவர். அதனால் மேல்மாடிக்கு ஒன்றும் ஆகாது.

இடித்தவர்களில் ஒருவர் ஆத்தூர்க்காரத் தம்பி. சுவர் போன இடத்தில் டைல்ஸ் இல்லாமல் வெறும் சிமெண்ட் தரை அரைச் சாண் அகலத்துக்கு நீளமாகத் தெரிந்தது. பழைய டைல்ஸின் நிறம் இப்போது எங்கும் கிடைக்காது. கருப்பு கிரானைட் பட்டை போடலாம் என்று அந்தத் தம்பிதான் சொன்னார். பார்க்க அழகாகவே இருக்கிறது. அதற்கு நேர் மேலே இழுவைக் கதவு. தண்டவாளத்தை மேலேயே மாட்டச் சொன்னேன். கீழே இருந்தால் அப்பா கால் தடுக்கும்.

நம் அம்மாப்பேட்டை வீட்டை மனதில் வைத்துத்தான் இப்படிக் கேட்டேன். வெண்பட்டு வேட்டி நெய்த தறி மட்டும் அசையாது. அதைச் சுற்றித்தானே சாப்பிட்டோம், பாய் விரித்தோம், அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களையும் உட்கார வைத்தோம்! இங்கே அசையாதவை சமையலறையும் குளியலறையும்தான். மற்ற இடம் பகலில் பாப்பா ஓடி விளையாட, சாயங்காலம் இவர் கம்ப்யூட்டரில் உட்கார. நீங்கள் வந்ததும் கதவை இழுத்தால் அது உங்கள் அறை.

சமையலறையையும் திறந்துவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. மிளகாய் தாளித்தால் நெடி மெத்தையெல்லாம் ஏறிவிடும். கண்ணாடித் தடுப்பு போட்டோம். வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கம் வரட்டும்.

பாக்கி இருப்பது சுவரோடு மடக்குகிற கட்டில். தாழ்வாக இருந்தால் அப்பா முழங்காலுக்கு ஆகாது. அம்மா, நம் வீட்டுக் கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மெத்தையோடு சேர்த்து டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். தச்சர் அந்த அளவுக்குத்தான் காத்திருக்கிறார்.

உங்கள் அன்பு மகள்