சில்வாவின் ஏழு தோல்விகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குத்தும் உதையும் மல்யுத்தமும் சேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலையில் எக்காலத்துக்கும் சிறந்த வீரர்கள் யார் என்று தங்கள் இதழ் வெளியிட்ட வரிசைப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தோடு, இரண்டாம் முறை எரிச்சலோடு. முன்னாள் சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவுக்குக் கீழ்வரிசையில் இடம் கொடுத்ததுகூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. பட்டியல் என்றால் ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார். அதற்குக் கட்டுரையாளர் சொன்ன காரணத்தைத்தான் விழுங்க முடியவில்லை. கடைசி 9 சண்டைகளில் 7 தோல்வி, ஒரே ஒரு வெற்றி என்று ஒரு வரியில் எழுதி, ஒரு மனிதரின் கணக்கை முடித்துவிட்டார்.

எண்ணிக்கையில் தவறில்லை. 2013 ஜூலையில் கிறிஸ் வைட்மனிடம் மிடில்வெயிட் எடைப் பிரிவின் பட்டத்தைப் பறிகொடுத்தது முதல் 2020 அக்டோபரில் யூரியா ஹாலிடம் வீழ்ந்தது வரை, இந்தக் கலையின் மிகப் பெரிய போட்டி நிறுவனமான யுஎஃப்சியில் அவருக்குத் தேறியது அவ்வளவுதான். மீதமிருக்கும் ஒரு சண்டை, 2015இல் நிக் டயஸுடன் நடந்தது, செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஏழு பேர் யார் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் பார்த்திருக்க வேண்டாமா? முதல் இரண்டு தோல்வியும் வைட்மனிடம். அப்போது தோல்வியே அறியாதவர் அவர். 2016 பிப்ரவரியில் வென்ற மைக்கேல் பிஸ்பிங், அதே ஆண்டு ஜூன் மாதம் லூக் ராக்ஹோல்டை வீழ்த்தி மிடில்வெயிட் சாம்பியன் ஆனார். 2016 ஜூலையில் வென்ற டேனியல் கோர்மியர், மேல் எடைப் பிரிவான லைட் ஹெவிவெயிட்டின் சாம்பியன். கோர்மியரோடு மோதவிருந்த ஜான் ஜோன்ஸ் விலக்கப்பட்டதால் இரண்டே நாள் அவகாசத்தில் அந்த இடத்தை நிரப்ப வந்தவர் சில்வா. அதே ஆண்டு மே மாதம்தான் அவருக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 2019 பிப்ரவரியில் வென்ற இஸ்ரேல் அடெசன்யாவும் அதுவரை தோற்றதில்லை, அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டம் அவர் இடுப்பில் இருந்தது. ஆக, ஏழில் ஐந்து தோல்விகள் சாம்பியன்களிடமும் சில மாதங்களில் சாம்பியன் ஆகப்போகிறவர்களிடமும் வந்தவை. நாற்பது வயதைத் தொட்டும் தாண்டியும் ஒருவர் இவர்களோடு மோதித் தோற்பதைச் சரிவு என்று சொல்லலாம். ஆனால் அது எல்லாருக்கும் வாய்க்கிற சரிவு அல்ல.

பிஸ்பிங் சண்டையின் மூன்றாம் சுற்று நினைவிருக்கிறதா? பிஸ்பிங்கின் பல்லுறை கீழே விழுந்துவிட்டது. அவர் அதைக் கவனித்த நொடியில் சில்வாவின் முழங்கால் பறந்து வந்து முகத்தில் இறங்கியது. மணி அடித்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துச் சில்வா கொண்டாடவே தொடங்கிவிட்டார், முடியவில்லை என்றார் நடுவர். ஐந்து சுற்றும் முடிந்தபோது மூன்று தீர்ப்பாளர்களும் 48-47 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் பிஸ்பிங்குக்கே கொடுத்தார்கள். அந்த முழங்கால் சுற்றின் நடுவில் இறங்கியிருந்தால் உங்கள் 7 தோல்வி 6 ஆகியிருக்கலாம். சில்வாவின் உடலில் அதனால் என்ன மாறியிருக்கும்? வெற்றி தோல்விப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீரரின் முதுமையை அளக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரிவை எப்படித்தான் அளப்பது என்று கேட்பீர்கள். என் பார்வையில், அவர் எதை நம்பிச் சண்டையிட்டார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2009 ஆகஸ்டில் ஃபாரஸ்ட் கிரிஃபினுடன் நடந்த சண்டையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கைகளைத் தொங்கவிட்டு, தலையை மட்டும் அசைத்து, வரும் குத்துகளையெல்லாம் காற்றில் வீணாக்கி, பின்வாங்கிக்கொண்டே ஒரு சிறு குத்தில் ஆளைச் சாய்த்தார். அப்போது அவருக்கு 34 வயது. மேதை என்று எழுதினோம். நான்கு ஆண்டு கழித்து, 38 வயதில், வைட்மன் முன்னால் அதே கையைத் தொங்கவிட்டார், அடிபட்டதுபோல் அதே நடிப்பு நடித்தார். வைட்மனின் இடது கை தாடையில் விழுந்தது. இப்போது ஆணவம் என்று எழுதினோம். அவர் செய்தது இரண்டு இரவுகளிலும் ஒன்றுதான். நடுவில் போனது கண்ணிமைப் பொழுதின் ஒரு சிறு பங்கு. அனிச்சையை மூலதனமாக வைத்துத் தொழில் செய்தவருக்கு அது போதும், கடை மூடிவிடும்.

மல்யுத்தத்தையும் தரைப்பிடிகளையும் நம்பியவர்களுக்கு இப்படி நேர்வதில்லை. ராண்டி கூட்யூர் 43 வயதில் டிம் சில்வியாவை ஐந்து சுற்றும் ஆட்டிவைத்து ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். குளோவர் டெஷெய்ரா 42 வயதில் யான் பிளாஹோவிச்சின் கழுத்தை நெரித்துச் சாம்பியன் ஆனார். பிடியும் எடையும் அனுபவமும் மெல்லத்தான் தேயும். அனிச்சை அப்படி அல்ல, ஒரு நாள் இருக்கும், மறுநாள் இராது. ஆகவே 43 வயது கூட்யூரைக் காட்டி 43 வயது சில்வாவை மட்டம் தட்டுவது நியாயமான ஒப்பீடாகாது.

உண்மையான வீழ்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கு டோனி ஃபெர்குசனைப் பாருங்கள். 12 தொடர் வெற்றிகளோடு வந்தவர், 2020 மே மாதம் ஜஸ்டின் கேட்ஜியிடம் ஐந்தாம் சுற்றுவரை அடிவாங்கித் தோற்றார். அதையும் சேர்த்து 2024 ஆகஸ்ட் வரை எட்டு தொடர் தோல்விகள். முதலில் சார்லஸ் ஒலிவெய்ரா போன்ற உச்சத்து ஆட்கள், பிறகு போகப் போகத் தரவரிசையில் இல்லாதவர்கள். எதிராளி இறங்கிக்கொண்டே போகிறார், தோல்வி மட்டும் நிற்கவில்லை. இதைத்தான் நான் சரிவு என்பேன். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. சில்வாவின் பட்டியலில் இந்த வகையில் சேரக்கூடியது கடைசியாக ஹாலுடன் நடந்ததுதான். 45 வயதில், நான்காம் சுற்றில் நடுவர் நிறுத்திய அந்தச் சண்டைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

உங்கள் பட்டியலில் இன்னொரு கோணலும் இருக்கிறது. சில்வாவுக்கு மேலே இடம்பெற்றவர்களில் ஒருவரான கபீப் நூர்மகமெடோவ், 29 சண்டை, 29 வெற்றி என்ற கணக்கோடு 2020இல் 32 வயதில் விலகினார். ஜார்ஜஸ் செயின்ட் பியர் 2013இல் ஒதுங்கி, 2017இல் ஒரே ஒரு சண்டைக்குத் திரும்பி, பிஸ்பிங்கை வென்று மறுபடி ஒதுங்கிக்கொண்டார். இருவருமே மாபெரும் வீரர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய 38ஆம் வயதையும் 43ஆம் வயதையும் கூண்டுக்குள் யாரும் பார்க்கவில்லை. 2006 முதல் 2012 வரை யுஎஃப்சியில் தொடர்ந்து 16 வெற்றி, 10 முறை பட்டத்தைக் காத்தது என்று சில்வாவும் வைட்மனுக்கு முன்பே விடைபெற்றிருந்தால் இன்று எந்த இடத்தில் வைத்திருப்பீர்கள்? வீட்டுக்குப் போனவருக்கு மதிப்பெண், கூண்டுக்குத் திரும்பியவருக்கு அபராதம் என்பது விசித்திரமான கணக்கு.

நடப்புத் தரவரிசை வேறு விஷயம். 2013இல் யுஎஃப்சி வெளியிடத் தொடங்கிய ஊடகக் குழுவின் தரவரிசை, இன்று யார் யாரை வெல்வார் என்று கேட்கிறது. அதில் சில்வா ஆண்டுதோறும் இறங்கியது சரியே. அந்தக் கேள்விக்கான விடையைத் தூக்கிக்கொண்டுவந்து எக்காலத்துக்குமான பட்டியலில் ஒட்டியதுதான் பிழை.

இப்போது நிக் டயஸ் சண்டைக்கு வருகிறேன். அதைத் தீர்ப்பாளர்கள் சில்வாவுக்குத்தான் கொடுத்தார்கள். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் அவர் சிக்க, முடிவு ரத்தானது, ஓராண்டுத் தடையும் வந்தது. 2017இல் இன்னொரு சோதனையிலும் சிக்கினார். அசுத்தமான துணை உணவால் வந்தது என்று விசாரித்தவர்கள் ஏற்றுக்கொண்டாலும் மறுபடி ஓராண்டு போனது. நான் சில்வாவின் ரசிகன், மறைக்கவில்லை. ஆனால் 2015 சோதனையைப் படித்த நாளிலிருந்து பழைய சண்டைகளைப் பழைய மனதோடு பார்க்க முடியவில்லை. அவரைப் பட்டியலில் இறக்கத்தான் வேண்டும் என்றால் இந்தக் காரணத்தைச் சொல்லி இறக்குங்கள், எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. கட்டுரையாளரோ இதை அடைப்புக்குறிக்குள் நான்கு சொற்களில் கடந்துவிட்டு, அடெசன்யாவிடம் தோற்றதற்குப் பாதிப் பத்தி எழுதியிருக்கிறார்.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் போடும்போது ஒவ்வொரு தோல்விக்கும் பக்கத்தில் அன்று அந்த வீரரின் வயதையும் எதிராளி அப்போது இருந்த இடத்தையும் அச்சிடுங்கள். இரண்டு சிறிய கட்டங்கள் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் இடம் போதாவிட்டால் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். வைட்மனுடன் நடந்த இரண்டாம் சண்டையில் சில்வாவின் கால் முறிந்த படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்களே, அதையே குறைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்